பச்சைப் போர்வை விரித்த கல்

தாராவி, பம்பாய்
12–10–1986

அன்பு மச்சானுக்கு மெஹராஜ் எழுதுதேன். அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் தலவலி ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கேன். உங்க முதுகு வலி எப்படி இருக்கு? எண்ணெய் தேய்க்கியளா, இல்ல தேய்ச்சேன்னு எனக்குப் பொய் எழுதுதியளா?

போன காயிதத்துல எழுதினேன்லா, பலசரக்குக்கடை சுயம்பு அண்ணாச்சி வீட்டு தங்கமயில் அக்கா சங்கம் தொடங்கப் போறாகன்னு. தொடங்கியாச்சு. ‘தாராவி பாருங்க மகளிர் சங்கம்’னு போர்டும் எழுதியாச்சு. பெரிய ஓட்டல்ல தங்குத வெள்ளக்காரங்க, காலேஜ் பிள்ளைக எல்லாம் டிக்கெட் எடுத்துக்கிட்டு நம்ம தெருவ வந்து பாக்குதாக. சிரிக்காதிய! குயவர் சூளை, தோல் ஷெட்டு, திருநவேலி ஆளுக மொதமொதல்ல வந்து தங்கின கொட்டடி, எல்லாக் கதையும் அக்கா இங்கிலீஷ்ல சொல்லுதாக. கடைசியில நம்ம ஒத்தை ரூம் கோலியில பாய விரிச்சு, ஒரே சஹன்ல நாலு பேரா உக்கார வச்சு நான் நெய்ச்சோறு போடுதேன். எல்லாரும் ஒரே தட்டுல கை வைக்கணும்னதும் வெள்ளக்காரன் முழிக்குத முழி இருக்கே, அத நீங்க பாக்கணும். அப்புறம் வழிச்சுத் தின்னுட்டுத்தான் எந்திரிக்கான்.

வரும்படியில ஒரு பங்கு சமைக்குத, கூட்டிட்டுப் போற எங்களுக்கு. ஒரு பங்கு பால்வாடிக்கு. ஒரு பங்கு தெருவுக்குத் தண்ணி பைப்பு போட. ‘ஐயோ பாவம்’னு சில்லறை நீட்டுத ஆளுக்கு இங்க எடமில்லன்னு அக்கா கறாரா சொல்லிட்டாக. நாம பிச்சை கேக்கல, நம்ம தெருவக் காட்டுதோம்னாக. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இப்பக் கூத்தக் கேளுங்க. நம்ம கோலிக்குப் பின்னால ஷெட்டுச் சுவரோரமா ஒரு பட்டக்கல்லு கெடக்கே, நான் மீன் அரியுத கல்லு, அது மேல பச்சைப் போர்வையத் தொவச்சுக் காயப் போட்டிருந்தேன். ஒரு வெள்ளக்காரம்மா பாத்துட்டு ‘தர்காவா?’ன்னு கேட்டா. கூட வந்த காலேஜ் புள்ள சட்டுன்னு செருப்பக் கழட்டிருச்சு. இல்லன்னு சொல்ல நான் வாயத் தொறக்கதுக்குள்ள பக்கத்துக் கோலி ஆவுடையம்மாள் ஊதுபத்தியே கொளுத்திட்டா! அவளுக்கு எந்தச் சாமியா இருந்தா என்ன. நானாவது சும்மா இருந்திருக்கலாம். ‘ஆமா, கப்பல்ல வந்த ஒரு அவுலியா இங்கதான் அடங்கியிருக்காக, நீளமா வெள்ளத் தாடி வச்சிருப்பாக’ன்னு அள்ளி விட்டுட்டேன். அக்கா அத இங்கிலீஷ்ல சொன்னப்ப எனக்கே நெசம் மாதிரி இருந்துச்சு.

இப்ப வாறவுக எல்லாம் அவுலியா பேரு என்னன்னு கேக்குதாக. நீங்க ஓதிப் படிச்சவுக, நல்ல பேரா ஒண்ணு எழுதி அனுப்புங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

சலாமுடன்,
உங்க மெஹராஜ்

தம்மாம்
5–11–1986

பிரியமுள்ள மெஹராஜுக்கு ஜமால் எழுதுவது. வஅலைக்கும் சலாம். அல்லா கிருபையில சுகம். முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சேன். நெசமாத்தான்.

உன் காயிதத்த ரூம்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். வெள்ளக்காரன் சஹன்ல கை வச்ச எடத்துல எங்க மேஸ்திரி சிரிச்சுப் பொறையேறிட்டாரு. தங்கமயில் அக்கா நல்ல காரியம் பண்ணுதாக. வேலைக்குப் போனா யாரு என்ன சொல்லுவாகளோன்னு நீ நெனைக்க வேண்டாம். எனக்குச் சந்தோசம்தான். பைப்பு மட்டும் வந்துட்டா உனக்கு விடியக்காலத்துல கொடத்தத் தூக்கிட்டு ஓடுத பாடு இல்ல. இங்க வெயில் கொறஞ்சிருக்கு. பெருநாளைக்கு ஒரு சேலை வாங்கி வச்சிருக்கேன், ஊருக்கு வாற ஆளுகிட்டக் குடுத்து விடுதேன்.

இனிமே அந்தக் கல்லுல மீன் அரியாத. முந்தியே சொல்லியிருக்கேன்.

துஆவுடன்,
ஜமால்

தாராவி
30–11–1986

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க குளிரு தொடங்கியாச்சு, மத்தபடி சுகம். அங்க கம்பளி வச்சிருக்கியளா?

நான் அவுலியான்னு சொன்னதும் உங்களுக்கே பயம் வந்துட்டாக்கும்! முந்தி அதுல தேள் இருக்குன்னு பயங்காட்டினிய. இத்தன நாளுல ஒரு தேளையும் நான் காணல. இப்ப மீன் அரியாதன்னு நீங்க சொல்ல வேண்டாம். அரியவும் முடியாது. வியாழக்கிழமை ஆனா அங்க ஒரே வெளக்கா இருக்கு. நம்ம ஆளுக, ஆவுடையம்மாள் வகையறா, எல்லாரும் வாறாக. பிரசவம் பாக்குத நஸீரா கூட அங்க நின்னு துஆ கேக்கா. கேட்டுட்டு அழுதா வேற. அவளுக்கு என்ன கொறையோ, கேட்டாச் சொல்ல மாட்டேங்கா.

பால்வாடிக்கு டீச்சர் போட்டாச்சு. தமிழ்ல அஆ சொல்லிக் குடுக்காக. இந்தத் தெருப் பிள்ளைக இந்தி பேசுதது போதும்னு அக்கா சொன்னாக. கார்ப்பரேஷன்ல பைப்புக்கு மனுக் குடுத்திருக்கோம்.

ஒண்ணு கேக்கணும் மச்சான். அங்க வெளக்கு வைக்கும்போதெல்லாம் நம்ம புள்ள நெனப்பு வருது. கலவரமும் கர்ப்யூவும் இல்லாம இருந்திருந்தா டாக்டர் வந்திருப்பாக. மூச்சே இல்லாம பொறந்தவளுக்கு ஒரு பேரு கூட வைக்கல. நீங்களும் தோல் ஷெட்டு உதுமான் காக்காவும் மையவாடிக்குத் தூக்கிட்டுப் போனிய. பொம்பளை உள்ள போகக் கூடாதுன்னு எனக்கு எந்த மூலையில படுத்திருக்கான்னே தெரியல. நீங்க லீவுல வந்தா, வெளி வாசல்ல நின்னாவது கையக் காட்டுங்க, எந்த மரத்தடின்னு. அது போதும் எனக்கு.

அவுலியாவுக்குப் பேரு எழுத மறந்துட்டிய. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘பேர் தெரியாத பெரியவுக’ன்னு சமாளிக்கேன்.

சலாமுடன்,
மெஹராஜ்

தம்மாம்
18–1–1987

மெஹராஜுக்கு, வஅலைக்கும் சலாம். சுகம். வேலை ஜாஸ்தி, அதான் எழுத நேரமில்ல.

கல்லுக் கதைய விட்டுரு. வாறவுகள அங்க கூட்டிட்டுப் போகாத. காரணம் கேக்காத.

துஆவுடன்,
ஜமால்

தாராவி
8–2–1987

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு சுகம். மனசு சுகமில்ல.

அம்புட்டு நாள் காக்க வச்சு அனுப்பின காயிதம் இதுதானா? திருப்பிப் பாத்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கியளான்னு. வெள்ளையாக் கெடக்கு. புள்ளயப் பத்திக் கேட்டேன், அதுக்கு ஒரு வார்த்தை இல்ல. காரணம் கேக்காதன்னா என்ன அர்த்தம்? வேலைக்குப் போனா சந்தோசம்னு எழுதின கை இது இல்லையா? அந்நிய ஆம்பளைக முன்னால பொண்டாட்டி நின்னு கதை சொல்லுதாளேன்னு எவனாவது அங்க உங்க காதுல ஓதிட்டானா? முக்காடு போட்டுத்தான் நிக்கேன். இப்ப என்ன கொறஞ்சு போச்சு?

சரி, என் கோவம் கெடக்கட்டும். பைப்புக்கு ஆர்டர் வந்துட்டு! என்ஜினியர் வந்து டேப்பு பிடிச்சு அளந்தாரு. தெருவுல வேற எங்கயும் எடமில்ல, ஷெட்டுச் சுவரோரம்தான் காலியாக் கெடக்கு, அந்தக் கல்லப் பேத்துட்டு அங்கதான் போடணும்னாரு. அவ்வளவுதான், தெருவே எந்திரிச்சு நின்னுட்டு. ‘அவுலியாவ யாரு தொடுதது?’ங்காக. ஜமாஅத்து ஜெயினுலாப்தீன் ஹஜ்ரத் ஒரு பக்கம், ஆவுடையம்மாள் ஒரு பக்கம், ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து நிக்காக. என் வாய வச்சுக்கிட்டு நான் சும்மா இல்லாததுக்கு எனக்கு நல்லா வேணும். தண்ணி டேங்கர் வந்த அன்னைக்கு நெரிசல்ல விழுந்து நஸீராவுக்குக் கை முறிஞ்சு போச்சு. அவளே சொல்லுதா, ‘கல்லத் தொட வேண்டாம், நான் கொடந் தூக்கிக்கிடுதேன்’னு. இவளுக்குக் கிறுக்காப் பிடிச்சிருக்கு!

எல்லாரையும் கூட்டி வச்சு, நான் சொன்னது பொய்யின்னு சொல்லிறலாம்னு இருக்கேன். காறித் துப்பினாலும் சரி. பொய்யில பொழைச்ச சங்கம்னு தங்கமயில் அக்காவுக்குப் பேரு வாங்கிக் குடுத்துருவேனோன்னுதான் பயமா இருக்கு. நீங்க என்ன சொல்லுதிய?

சலாமுடன்,
மெஹராஜ்

தம்மாம்
27–2–1987

மெஹராஜுக்கு, வஅலைக்கும் சலாம். இத பம்பாய்க்கு வாற ஆளுகிட்டக் குடுத்து விடுதேன், சீக்கிரம் கெடைக்கணும்னு.

அங்க தோண்ட விடாத. பைப்பு வேற எங்க வேணும்னாலும் போடட்டும். நீ யாருகிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, யாரும் என் காதுல ஓதல. லீவு கேட்டிருக்கேன். வந்து பேசுதேன். அதுவரை பொறு.

துஆவுடன்,
ஜமால்

தாராவி
22–3–1987

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்க காயிதம் கைக்கு வந்தப்ப காரியம் முடிஞ்சு போச்சு. கோவப்படாதிய, முழுசும் படிங்க.

தெருக் கூட்டம் போட்டோம். ஷெட்டு முத்தத்துல எல்லாரும் இருந்தாக. நான் எந்திரிச்சு, ‘அவுலியாவும் இல்ல, கப்பலும் இல்ல, போர்வை காயப் போட்ட கல்ல நான்தான் தர்கா ஆக்கினேன்’னு சொன்னேன். அப்புறம் ஹஜ்ரத் கேட்டாக, ‘இப்ப சொல்லுதது நெசம்னு நாங்க எப்படிம்மா நம்புதது?’ன்னு. எனக்கு ஆத்திரம் வந்துட்டு. ‘அல்லா மேல சத்தியமா அந்தக் கல்லுக்கடியில யாருமே இல்ல. அது நான் மீன் அரியுத கல்லு’ன்னு எல்லாரும் கேக்கச் சத்தியம் பண்ணினேன். கூட்டத்துல இருந்து உதுமான் காக்கா விருட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டாக. அவுக ரொம்பக் கோவக்காரவுகன்னு இப்பத்தான் தெரியுது.

தங்கமயில் அக்கா முகத்தப் பாக்க முடியல எனக்கு. ஆனா அவுக என்ன சொன்னாக தெரியுமா? ‘இதுவரைக்கும் வந்தவுகளுக்கு நாம பொய் வித்திருக்கோம். இனி நெசத்தக் காட்டுவோம். அதப் பாக்க வாறவன் வரட்டும்’னாக. ஒருத்தி சங்கத்த விட்டுப் போகல. எனக்கு அழுகையே வந்துட்டு.

வேலை ஆரம்பிக்க ஏப்ரல் இருவத்தாறு ஞாயித்துக்கிழமைன்னு முடிவாகியிருக்கு. நோன்புக்கு முன்னால தண்ணி வந்துரும். காரணம் சொல்லாம நிறுத்துன்னா நான் எப்படி மச்சான் நிறுத்துவேன்? லீவு கெடைச்சுதா? வந்தா மொதக் கொடம் நீங்கதான் பிடிக்கணும்.

சலாமுடன்,
மெஹராஜ்

தாராவி
3–5–1987

மச்சான்,

ஞாயித்துக்கிழமை கடப்பாறையோட ஆளுக வந்தாக. கல்ல நெம்பி அங்கிட்டுப் போட்டாக. ‘சீக்கிரம், சீக்கிரம்’னு நான்தான் அவுகள முடுக்கிட்டு நின்னேன். மண்ணுல ஒரு போடு போட்டிருப்பாக. உதுமான் காக்கா ஷெட்டுல இருந்து சுண்ணாம்பு அப்பின கையோட ஓடி வந்து அந்த எடத்துல குப்புற விழுந்து படுத்துட்டாக. எந்திரிங்க காக்கா, கிறுக்குப் பிடிச்சிருக்கான்னு நான் கத்தினேன்.

உங்க காயிதம் அவுக சட்டைப் பையில இருந்துச்சு. எனக்கு எழுதாம அவுகளுக்கு எழுதியிருக்கிய. தடுத்துரு, மெஹராஜ்கிட்ட மட்டும் சொல்லிராதன்னு. அவுக சொல்லிட்டாக. தெருவே நிக்க, சங்கத்துப் பொம்பளைக நிக்க, எல்லாத்தையும் சொல்லிட்டாக.

‘மெஹராஜ், இது உன் புள்ளம்மா.’

எனக்கு வெளங்கல. ‘எந்தப் புள்ள?’ன்னு கேட்டேன். நான் எத்தன புள்ள பெத்தேன், எந்தப் புள்ளன்னு கேக்க! நஸீரா என்னப் பிடிச்சுக்கிட்டா. அவளுக்கும் தெரியும். பிரசவம் பாத்தவளே அவதானே. மூணு வருசமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா.

கர்ப்யூவுல மையவாடிக்குப் போற ரோட்டுல போலீஸ் திருப்பி விட்டுட்டாகளாம். வேற வழியில்லாம பின்னாலயே அடக்கி, நாய் தோண்டாம இருக்கக் கல்லத் தூக்கி வச்சியளாம். அது போகட்டும் மச்சான். அது போகட்டும். காலையில பொறந்தவ சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் உசுரோட இருந்தாளாமே? அழுதாளாமே? நான் ஜன்னியில கெடந்தப்ப என் பக்கத்துல கெடந்து அழுதிருக்கா. நீங்க அவ காதுல பாங்கு சொன்னியளாமே. மூச்சில்லாம பொறந்தான்னு எங்கிட்ட ஏன் சொன்னிய?

அது மேல உக்காந்து மீன் அரிஞ்சேனே மச்சான். செதிலச் சுரண்டிச் சுரண்டி அங்கேயே கழுவி விட்டேன். அவ தலமாட்டுல நின்னு தாடிக்காரக் கெழவன் கதையச் சொல்லி வாறவனையெல்லாம் சிரிக்க வச்சேன், அதுக்குக் கூலியும் வாங்கினேன். யாருமே இல்லன்னு சத்தியம் பண்ணினேன். பெத்தவளே சொன்னேன், யாருமே இல்லன்னு.

நோன்பு தொறந்தா தண்ணி எறங்க மாட்டேங்கு. வேற எழுத வரல.

மெஹராஜ்

தம்மாம்
24–5–1987

மெஹராஜ், நீ சலாம் எழுதல. நான் எழுதுதேன், அஸ்ஸலாமு அலைக்கும். சாப்பிடுதியா? நஸீரா குடுத்தா வேண்டாம்னு சொல்லாத. வாய மூடிக்கிட்டு இருன்னு அவளக் கட்டாயப்படுத்தினது நான்தான்.

உனக்கு அப்ப நெனவு வந்து வந்து போச்சு. தாங்க மாட்டன்னு நெனச்சேன். தேறினப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். நீ தேறி எந்திரிச்சு அந்தக் கல்லுல மொதத் தடவ துணி தொவச்ச பாத்தியா, அன்னைக்குச் சொல்லியிருக்கணும். சொல்ல முடியல. தேள் இருக்குன்னேன். அதுக்குப் பெறகு அங்க இருக்கவே முடியாம இங்க வந்துட்டேன். லீவு கேட்டேன்னு எழுதினதும் பொய். கேக்கல.

நீ பேரு கேட்டுக்கிட்டே இருந்த. அந்த எடத்துக்கு எனக்குத் தெரிஞ்சது ஒரே பேருதான். பாங்கு சொல்லிட்டு அவ காதுல சொன்னேன். சாயிரா. சொன்னப்ப கண்ண முழிச்சுப் பாத்தா. மூக்கு உன் மூக்கு.

ஜமால்

தாராவி
19–7–1987

மச்சானுக்கு, வஅலைக்கும் சலாம். பதில் எழுத இம்புட்டு நாளாச்சு. மழை ஊத்துது. உடம்பு பரவாயில்ல. நஸீராவோட இன்னும் முழுசாப் பேச்சு இல்ல, ஆனா அவ கொண்டு வாற கஞ்சியக் குடிக்கேன்.

கல்ல இருந்த எடத்துலயே திரும்ப வச்சாச்சு. உதுமான் காக்காவும் ஹஜ்ரத்தும்தான் தூக்கி வச்சாக. ஹஜ்ரத் யாசீன் ஓதினாக. தெரியாமப் பண்ணின சத்தியத்துக்குக் குத்தம் இல்லம்மான்னாக. என் மனசு கேக்கல, அதுக்குன்னு தனியா மூணு நோன்பு பிடிச்சேன்.

பைப்பு வந்துட்டு. எங்கன்னு கேக்கியளா? நம்ம கோலி வாசல்ல மோரி இருந்துச்சுல்லா, குளிக்க, பாத்திரங் கழுவ. அத இடிச்சுக் குடுத்துட்டேன். என்ஜினியர் மொதல்ல மொகத்தச் சுளிச்சாரு. தங்கமயில் அக்கா சங்கத்துப் பொம்பளைக எல்லாரையும் கூட்டிட்டுப் போயி அவரு ஆபீசுல உக்காந்துட்டாக. இப்ப தெருவே நம்ம வாசல்லதான் தண்ணி பிடிக்கு. எனக்குக் குளிக்கத்தான் எடமில்ல, ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போறேன். உங்களக் கேக்காமக் குடுத்தேன். நீங்களும் என்னக் கேக்காமத்தானே எல்லாம் பண்ணினிய.

விசிட்டு ஒரு மாசம் நிப்பாட்டி இருந்தோம். அந்தப் பக்கமே இனி யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டாம்னு அக்கா சொன்னாக. போகணும்னு நான் சொன்னேன். இந்தத் தெருவுல இருக்கது எல்லாத்தையும் காட்டுதோம், இவ மட்டும் எதுக்கு ஒளிஞ்சு கெடக்கணும்?

போன ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் வந்துச்சு. தொப்பி போட்ட ஒரு வெள்ளக்காரத் தாத்தா பச்சைத் துணியப் பாத்துட்டு, இது யாரு அவுலியான்னு கேட்டாரு. அக்கா என்னப் பாத்தாக. ‘இல்ல, என் மக. பேரு சாயிரா’ன்னேன். அக்காவுக்கு இங்கிலீஷ் வரல. நானே சத்தமாச் சொன்னேன், ‘மேரி பேட்டி, சாயிரா’ன்னு. அந்தத் தாத்தாவுக்கு என்ன வெளங்கிச்சோ, தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. பைப்புல கொடம் வச்சுக்கிட்டு நின்ன அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சு. அந்தப் பேர அவுகளும் அப்பத்தான் கேக்காக. சந்து வழியாப் பாக்கேன், ஆவுடையம்மாள் கொடம் நெறஞ்சு வழிஞ்சுக்கிட்டே இருக்கு. ஒரு கொடம் தண்ணிக்குத் தலைமயிரப் பிடிச்சு இழுக்குத நம்ம தெருவுல, தண்ணி பாட்டுக்கு ஓடிச்சு மச்சான், ஒருத்தி போயி பைப்ப மூடல.

லீவு கேளுங்க. இந்தத் தடவ நெசமாவே கேளுங்க. எந்த மரத்தடின்னு நீங்க எனக்குக் காட்ட வேண்டாம். வாங்க, நான் உங்களுக்குக் காட்டுதேன்.

சலாமுடன்,
சாயிரா உம்மா